மாவு சில்லுன்னு, பூரணம் ஈரமில்லாம: நட்ஸ் பேஸ்ட்ரி கேள்வி பதில்

இந்த தடவை வந்த கேள்வி எல்லாம் கிட்டத்தட்ட ஒரே விஷயத்தை சுத்தித்தான் இருக்கு, பண்டிகைக்கு நட்ஸ் பூரணம் வெச்ச பேஸ்ட்ரி. அதனால வேற எதையும் தொடாம அதையே பாத்துடலாம்.

கேள்வி: அக்கா, பண்டிகை அன்னிக்கு வீடு நிறைய ஆளுங்க வராங்க, சமையல் வேலையே தலைக்கு மேல இருக்கும். உள்ள நட்ஸ் வெச்ச பேஸ்ட்ரி மாதிரி ஒரு ஸ்வீட் ஈஸியா பண்ண முடியுமா? மாவை மடிச்சு மடிச்சு தேய்க்கறதெல்லாம் என்னால ஆகாது.

ஆகவும் வேணாம்மா. ஃப்ரீசர்ல வெச்சு விக்கற ரெடிமேட் பஃப் பேஸ்ட்ரி ஷீட் ரெண்டு வாங்கிக்கோங்க. அந்த மாவை வீட்ல செய்யணும்னா வெண்ணெயை உள்ள வெச்சு மூணு மூணா மடிச்சு தேய்க்கணும், அதையே ஆறு தடவை, நடு நடுவுல ஃப்ரிட்ஜ்ல ரெஸ்ட் வேற. ஆறு மடிப்பு முடிஞ்சா கணக்குப்படி 729 வெண்ணெய் அடுக்கு, ஓவன் சூட்டுல அதுல இருக்கற தண்ணி ஆவியாகி அடுக்கடுக்கா தூக்கி விடும், அதான் அந்த உப்பல். பண்டிகைக்கு முதல் நாள் இதுக்கு யாருக்கு நேரம் இருக்கு? வாங்கறதுல ஒரு கௌரவக் குறைச்சலும் இல்ல. பாக்கெட் பின்னாடி மட்டும் படிச்சுப் பாருங்க, வெண்ணெய் போட்டதுதான் ருசி, மார்ஜரின் போட்டது நல்லாவே உப்பும் ஆனா சாப்பிட்டப்புறம் மேல்வாய்ல மெழுகு தடவுன மாதிரி ஒட்டிக்கும்.

ஷீட்டை முதல் நாள் ராத்திரியே ஃப்ரீசர்லேந்து ஃப்ரிட்ஜுக்கு மாத்திடுங்க. பூரணத்துக்கு வறுத்து ஆறவெச்ச வால்நட் 150 கிராம், சர்க்கரை 60 கிராம், உருக்கின வெண்ணெய் 25 கிராம், பட்டைப் பொடி ஒரு டீஸ்பூன், பால் ஒரு டேபிள்ஸ்பூன், ஒரு சிட்டிகை உப்பு. உப்பை விட்டுடாதீங்க, அது இல்லன்னா வெறும் தித்திப்புதான் தெரியும், நட்ஸ் ருசி அமுங்கிப் போயிடும். எல்லாத்தையும் கலந்தா கையில பிடிச்சா பிடிபடணும், ஆனா பேஸ்ட் மாதிரி வழியக்கூடாது. ஷீட்டை 8 சென்டிமீட்டர் சதுரமா வெட்டி (கத்தி நல்ல ஷார்ப்பா இருக்கணும், இழுக்காம மேலேந்து அழுத்தி வெட்டுங்க, இழுத்தா ஓரத்துல அடுக்கு நசுங்கி ஒட்டிக்கும்), நடுவுல ஒரு டேபிள்ஸ்பூனுக்கு கொஞ்சம் கம்மியா பூரணம் வெச்சு, ஓரத்துல தண்ணி தொட்டு முக்கோணமா மடிச்சு ஃபோர்க்கால அழுத்தி, மேல கத்தி முனையால ரெண்டு கீறல் போட்டு, 200 டிகிரியில பதினெட்டு இருபது நிமிஷம். வெளிர் தங்கக் கலர் வந்ததும் அவசரப்பட்டு எடுத்துடுவாங்க நிறைய பேர், உள் அடுக்கு மாவா இருக்கும் அப்போ. நல்லா அடர்ந்த பொன்னிறம் வரட்டும்.

உங்க முழு உழைப்பையும் பூரணத்துல போடுங்க, மாவுக்கு செய்ய வேண்டியது அதை சில்லுன்னு வெச்சுக்கறது மட்டும்தான். வெட்டும்போதே மாவு தொளதொளன்னு ஆச்சுன்னா கையை எடுத்துட்டு அப்படியே ட்ரேயோட பத்து நிமிஷம் ஃப்ரிட்ஜ்ல தள்ளுங்க.

கேள்வி: ஒவ்வொரு தடவையும் பூரணம் வெளிய வழிஞ்சு ட்ரேல கருகிப் போகுது, ஓரத்தை நல்லா அழுத்தித்தான் ஒட்டறேன். ஏன் இப்படி?

ஓரத்தை மட்டும் குத்தம் சொல்ல முடியாது. சர்க்கரை சூட்டுல உருகி பாகாயிடும், அந்தப் பாகை உறிஞ்ச உள்ள ஏதாவது இருக்கணும். நட்ஸை பெருசு பெருசா நறுக்கிப் போட்டா பாகு அது இடுக்குல ஓடி கிடைச்ச ஓட்டைல வெளிய வரும், ரவை பதத்துக்கு பொடிச்சிருந்தா பிடிச்சு வெச்சுக்கும். மொறுமொறுன்னு கடிபடணும்னு ஆசை இருந்தா முக்கால்வாசியை பொடிச்சு கால்வாசியை நறுக்கிப் போடுங்க. அப்பவும் வழியுதுன்னா ரெண்டு டேபிள்ஸ்பூன் ப்ரெட் தூளோ பிஸ்கட் தூளோ சேருங்க, ருசில வித்தியாசமே தெரியாது. தேன் ஊத்தி பிசையறவங்க இன்னும் கவனமா இருக்கணும், தேன்ல சுமாரா ஆறுல ஒரு பங்கு தண்ணிதான், அடி நமுத்துப் போறதுக்கும் அதுவே காரணமாயிடும். தேன் வாசனை வேணும்னா சுட்டெடுத்த உடனே மேல தடவுங்க.

இன்னொண்ணு, ஆசையில நிறைய வெக்கறது! ஓரத்துல ஒரு சென்டிமீட்டராவது காலியா விடணும். மேல கீறல் போட சொன்னது அழகுக்கு இல்ல, ஆவி அது வழியா போகலன்னா ஓரத்தைத்தான் பிரிச்சுக்கிட்டு போகும். ஒட்டினதும் கால் மணி நேரம் ஃப்ரிட்ஜ்ல வெச்சுட்டு சில்லுன்னு இருக்கும்போதே சூடான ஓவனுக்குள்ள தள்ளுங்க, அடியில பட்டர் பேப்பர் போட்டா மிச்சம் மீதி வழிஞ்சாலும் ட்ரே தப்பிச்சுடும்.

கேள்வி: மிக்ஸில பாதாம் வால்நட் போட்டா பொடியே ஆக மாட்டேங்குது, எண்ணெய் விட்டு களி மாதிரி ஆயிடுது.

வால்நட்ல எடைக்கு எடை பாத்தா 65 சதவீதம் கொழுப்பு, பாதாம்ல சுமாரா 50 சதவீதம், முந்திரில அதை விட கொஞ்சம் கம்மி. நிறுத்தாம ஓட்டினா பிளேடு சூட்டுக்கே எண்ணெய் வெளிய வந்துடும், வேர்க்கடலை வெண்ணெய் பண்றதே அப்படித்தானே. அதனால வறுத்த நட்ஸ் முழுசா ஆறணும், பூரணத்துக்கு வெச்சிருக்கற சர்க்கரைல பாதியை அது கூடவே போடுங்க, அது எண்ணெயை இழுத்துக்கும், அப்புறம் விட்டு விட்டு ரெண்டு ரெண்டு செகண்ட் மட்டும் ஓட்டுங்க. மிக்ஸி வேண்டாம்னா பட்டர் பேப்பர் நடுவுல வெச்சு பூரிக்கட்டையால நசுக்குங்க, நிஜமா சொன்னா வால்நட்டுக்கு அதான் பெட்டர்.

வறுக்கறதை தவிர்க்காதீங்க, மாவுக்குள்ள மூடி வெச்சப்புறம் நட்ஸ் வறுபடாது, வேகத்தான் செய்யும். 170 டிகிரில எட்டு பத்து நிமிஷம், வாசனை வந்ததும் எடுத்துடணும். மேல தூவற நட்ஸ் மட்டும் பச்சையா போடுங்க, அது ஓவன்லயே வறுபட்டுக்கும்.

கேள்வி: முட்டை சேர்க்க மாட்டோம். மேல அந்த பளபளப்பு வர என்ன தடவறது?

பாலோ ஃப்ரெஷ் க்ரீமோ. கலர் வரும், முட்டை அளவுக்கு ஷைன் வராது, அதுக்கு சுட்டெடுத்த உடனே ஏதாவது ஜாமை கொஞ்சம் தண்ணி விட்டு சூடு பண்ணி ப்ரஷ்ல தடவுங்க. எதைத் தடவினாலும் வெட்டின ஓரத்துல வழிய விடாதீங்க, அடுக்கெல்லாம் ஒட்டி உப்பாம நின்னுடும்.

கேள்வி: மெல்லிசான மாவு ஷீட் நடுவுல நட்ஸ் வெச்சு சிரப் ஊத்தற பக்லாவா ட்ரை பண்ணலாமா? ஈஸின்னு சொல்றாங்க, ஆனா சிரப் ஊத்தினதும் சொதசொதன்னு ஆயிடுதாமே.

ஈஸின்னு சொல்றவங்க ஃபில்லோ ஷீட்டை, அதான் காகிதம் மாதிரி மெல்லிசான அந்த மாவு ஷீட்டை, ஒண்ணொண்ணா எடுத்து நெய் தடவி அடுக்கினது கிடையாதுன்னு நினைக்கறேன். கஷ்டமான வேலை இல்ல, பொறுமை வேணும், முதல் தடவையே விருந்து அன்னிக்கு வெச்சுக்காதீங்க. துருக்கியில காஸியான்டெப்னு ஒரு ஊரு, அந்த ஊரு பிஸ்தா பக்லாவாவுக்கு 2013ல ஐரோப்பிய யூனியன் புவிசார் குறியீடே குடுத்துச்சு, அங்க ஷீட்டை தேய்க்கறதுக்குன்னே வருஷக்கணக்கா பழகின மாஸ்டருங்க இருக்காங்க. நமக்கு பாக்கெட் ஷீட் போதும்.

பிரிச்ச ஷீட் மேல ஈரத்துணி போட்டு வைங்க, இல்லன்னா நிமிஷத்துல காஞ்சு உடையும். தடவ வெண்ணெயை விட நெய் நல்லது, வெண்ணெய்ல சுமாரா 16 சதவீதம் தண்ணி இருக்கு, நெய்ல கிட்டத்தட்ட கிடையாது. ஓவனுக்கு போறதுக்கு முன்னாடியே துண்டு போட்டுடணும், சுட்டப்புறம் வெட்டினா நொறுங்கிடும். 170 டிகிரி, முக்கால் மணி நேரம் வரை ஆகும். சொதசொதப்புக்கு காரணம் பெரும்பாலும் பேஸ்ட்ரி சரியா சுடாததும், ரெண்டும் ஒரே சூட்டுல சேர்றதும்தான், பேஸ்ட்ரி கொதிக்க கொதிக்க இருந்தா சிரப் ஆறியிருக்கணும். சிரப்ல நாலு சொட்டு எலுமிச்சை விட்டா சர்க்கரை பூத்துப் போகாது. ஊத்தினப்புறம் மூடி வெக்காதீங்க, நாலு மணி நேரமாவது திறந்தே ஊறட்டும்.

கேள்வி: எங்க பக்கம் பஃப் ஷீட்டே கிடைக்காது. வேற மாவு?

க்ரீம் சீஸ் மாவு பண்ணுங்க. வெண்ணெய், க்ரீம் சீஸ், மைதா மூணும் ஒரே எடை, தலா 125 கிராம், ஒரு சிட்டிகை உப்பு, முட்டையும் வேணாம் ஈஸ்ட்டும் வேணாம். யூத வீடுகள்ல செய்யற ருகலாக்னு ஒரு சின்ன சுருள் பேஸ்ட்ரி, அதை இந்த மாவுலதான் சுத்தறாங்க. ரொம்ப பிசையாம சேர்த்து உருட்டி ரெண்டு மணி நேரம் ஃப்ரிட்ஜ்ல வெச்சு, வட்டமா தேய்ச்சு, மேல மெல்லிசா ஜாம் தடவி, பூரணத்தை தூவி லேசா அழுத்தி, பீட்சா துண்டு மாதிரி பன்னெண்டா வெட்டி அகலமான பக்கத்துலேந்து சுருட்டுங்க. 180 டிகிரி, 22லேந்து 25 நிமிஷம். எனக்கு பஃப் பேஸ்ட்ரியை விட இதுதான் பிடிக்கும், அடுத்த நாளும் நமுக்காது.

கேள்வி: வர்ற குழந்தைங்கள்ல ஒருத்தனுக்கு நட்ஸ் அலர்ஜி. அவனுக்கு மட்டும் தனியா என்ன பண்றது?

பூசணி விதை, சூரியகாந்தி விதை ரெண்டும் நட்ஸுக்கு பதிலா அதே அளவுல போடலாம், ஆனா விதையும் அவனுக்கு ஒத்துக்குமான்னு அவங்க அம்மாகிட்ட முன்னாடியே கேட்டுடுங்க, எள்ளுக்கே அலர்ஜி இருக்கற பிள்ளைங்க உண்டு. வாங்கற பாக்கெட்ல 'நட்ஸ் கலந்திருக்கலாம்'னு போட்டிருந்தா அது வேணாம். அவனுக்கு உள்ளதை முதல்ல செஞ்சு சுட்டு தனி டப்பால மூடி வெச்சுட்டு அப்புறம் நட்ஸ் பாக்கெட்டை பிரிங்க, மிக்ஸி ஜார், ப்ரஷ், பலகை எதுவும் பொதுவா இருக்க வேணாம். உங்களால தனியா வெச்சு செய்ய முடியாதுன்னா அவனுக்கு வேற ஸ்வீட்டே குடுத்துடுங்க, இதுல ரிஸ்க் எடுக்கக்கூடாது. அப்புறம் சூரியகாந்தி விதையை பேக்கிங் சோடா போட்ட மாவுல சேர்த்தா பச்சையா மாறும், கெட்டுப்போச்சுன்னு தூக்கி போட்டுடாதீங்க.

கேள்வி: முன்னாடியே செஞ்சு வெக்கலாமா?

சுடாம வெக்கலாம். ட்ரேல தனித்தனியா ஃப்ரீஸ் பண்ணி, கல்லானதும் கவர்ல போட்டு கட்டிட்டா ஒரு மாசம் தாங்கும். சுடும்போது உருக விடாம அப்படியே ஓவனுக்கு, நாலு அஞ்சு நிமிஷம் மட்டும் கூட. சுட்டது மிஞ்சிடுச்சுன்னா மைக்ரோவேவ் பக்கமே போகாதீங்க, 160 டிகிரி ஓவன்ல அஞ்சாறு நிமிஷம் வெச்சா திரும்ப மொறுமொறுன்னு ஆயிடும். நட்ஸ் வாங்கினதும் ஒண்ணு கடிச்சுப் பாருங்க, பழைய எண்ணெய் வாடை, கசப்பு இருந்தா எவ்வளவு சர்க்கரை போட்டாலும் மறையாது. வால்நட் சீக்கிரம் சிக்கு வாடை அடிக்கும், மிச்சத்தை காத்து புகாத டப்பால போட்டு ஃப்ரீசர்ல வெச்சிடுங்க.