மானியம் கூடினால் உற்பத்தித்திறன் குறைவதாகக் காட்டும் கணக்கு

40 தானிய நிறுவனங்களின் தரவில் உற்பத்தித்திறனை மானியத்தோடு பொருத்திப் பார்த்தால் மானியத்தின் கெழு (மானியம் கூடும்போது உற்பத்தித்திறன் எவ்வளவு மாறுகிறது என்ற எண்) எதிர்மறையாக வருகிறது, புள்ளியியல் மாதிரி (model) தப்பா என்று கேட்டிருக்கிறீர்கள். மாதிரியை விடுங்கள், முதலில் நிறுவனக் கணக்கில் மானியம் எந்த வரியில் உட்கார்ந்திருக்கிறது என்று பாருங்கள்.

ஐஏஎஸ் 20 என்ற சர்வதேசக் கணக்கியல் தரத்தின்படி மானியத்தை இதர வருமானமாகவும் காட்டலாம், தொடர்புடைய செலவில் கழித்தும் காட்டலாம். விற்பனை 100, தானியக் கொள்முதல் 85 என்றால் கூட்டுமதிப்பு 15. மானியம் 5 உள்ளே நுழைந்தால் அது 20. ஒரு டன்கூட அதிகம் அரைக்காமல் மூன்றில் ஒரு பங்கு உயர்வு! லாப இடைவெளி மெலிந்த தொழில் என்பதால் இந்தப் பிழை இங்கே பூதாகரமாகத் தெரியும். உலர்த்தி, சைலோ (தானியச் சேமிப்புக் கோபுரம்) வாங்கத் தந்த மானியத்தைச் சொத்து மதிப்பில் கழித்திருந்தால் மூலதனம் சிறுத்துவிடும். அதைத் திரும்பக் கூட்டுங்கள்.

இந்தப் பிழைகள் மானியம் பெற்றவர்களின் உற்பத்தித்திறனை உயர்த்தியே காட்டும், எனவே சரிசெய்தால் கெழு இன்னும் கீழே போகலாம். அப்போது, நொடித்த ஆலைகளுக்கே மானியம் போகிறதா என்று சந்தேகப்படுங்கள். ஒவ்வொரு நிறுவனத்தின் மாறாத தனித்தன்மையைப் பிரித்தெடுக்கும் நிறுவன நிலைவிளைவு (fixed effect) சேர்த்து, மானியத்தை ஓராண்டு, ஈராண்டு பின்தள்ளி, அதாவது முந்தைய ஆண்டுகளின் மானியத்தைப் போடுங்கள். மானியமே பெறாதவை இருந்தால் 1 கூட்டி மடக்கை எடுக்காதீர்கள், அலகை மாற்றினால் விடையும் மாறும். பெற்றதா இல்லையா என ஒரு மாறி, விற்பனையில் மானியப் பங்கு என இன்னொன்று போதும்.

சேமிப்பு மானியத்தை இயந்திர மானியத்தோடு கலக்கவே வேண்டாம். டன்னுக்கு மாதக் கணக்கில் பணம் வந்தால் சரக்கைத் தேக்கி வைப்பதே லாபம். அங்கே எதிர்மறைக் கெழு உண்மையாகவே இருக்கலாம். சைலோ ஆண்டுக்கு எத்தனை முறை காலியாகி நிரம்புகிறது என்ற எண் கிடைத்தால் அது தெரிந்துவிடும்.