நுகர்வோர் கேள்வி-பதில்: சைக்கிளோடு போகும் கருவிகள்

சைக்கிளில் தூரம் போகிறவர்கள் கூடவே கொண்டுபோகும் கருவிகள், உதிரிகள் பற்றி வந்த கடிதங்களைச் சுருக்கித் தந்திருக்கிறேன்.

கேள்வி: ‘எல்லா சைக்கிளுக்கும் பொருந்தும், இருபது கருவிகள் ஒன்றில்’ என்று போட்டிருந்த மடக்குக் கருவியை இணையத்தில் 850 ரூபாய் கொடுத்து வாங்கினேன். வேலைக்குப் போகும் வழியில் பின் சக்கரம் பஞ்சர். அதிலிருந்த எதுவும் அச்சு நட்டில் பொருந்தவில்லை. தள்ளிக்கொண்டேதான் போனேன். என்னுடையது சாதாரணக் கருப்பு சைக்கிள். – பொள்ளாச்சி வாசகர்

பதில்: உங்கள் மீது ஒரு குறையும் இல்லை. உங்களை ஏமாற்றியிருக்கிறார்கள். இந்த வியாபாரத்தின் மீது எனக்கு நெடுநாள் கோபம் இருப்பதால் பதில் கொஞ்சம் நீளும்.

மடக்குக் கருவி கியர் சைக்கிளுக்காக உருவானது. அந்த வகை சைக்கிள்களில் சீட், ஹேண்டில்பார், பிரேக் எல்லாவற்றையும் அறுகோணக் குழி உள்ள போல்ட்டுகள்தான் பிடித்திருக்கும். 4, 5, 6 மி.மீ. ஆலன் கீ மூன்றும் இருந்தால் முக்கால்வாசி வேலை முடிந்துவிடும். பல கியர் சைக்கிள்களில் சக்கரத்தைக் கழற்றக் கருவியே வேண்டாம். அச்சில் இருக்கும் பிடியைத் திருப்பினால் போதும். உங்கள் சைக்கிளின் கதை வேறு. அதில் பின் அச்சு நட்டுதான் சக்கரம், மட்கார்டு கம்பி, ஸ்டாண்டு எல்லாவற்றையும் சேர்த்து இறுக்கிப் பிடிக்கிறது. அதை அசைக்க நீளமான கைப்பிடியுள்ள ஸ்பேனர் வேண்டும். உள்ளங்கைக்குள் அடங்கும் தகட்டால் அது ஆகாது. விற்கிறவருக்கு இது தெரியும். தெரிந்தும் ‘எல்லா சைக்கிளுக்கும்’ என்று எழுதுகிறார்.

இருபது என்ற எண்ணிக்கையும் அப்படித்தான். தகட்டில் வெட்டிய ஒவ்வொரு துளையும் ஒரு கருவி என்று கணக்கில் ஏறுகிறது. மென்மையான இரும்பு, இறுகிய நட்டில் மாட்டித் திருப்பினால் துளையின் வாய் விரியும், நட்டின் மூலைகளும் மழுங்கும். மலிவான ஆலன் கீயும் அப்படியே. நான் வாங்கிய ஒன்று, ஹேண்டில்பாரைப் பிடிக்கும் போல்ட்டின் குழியை வட்டமாக்கிவிட்டது. அந்த போல்ட்டை வெளியே எடுக்கக் கொடுத்த கூலி, கருவியின் விலையைத் தாண்டியது.

ஹார்டுவேர் கடையில் குரோம் வனேடியம் (கடினமான எஃகு வகை) என்று பொறித்த தனி ஸ்பேனர் வாங்குங்கள். இன்றைய சைக்கிள்களில் அச்சு நட்டு பெரும்பாலும் 15 மி.மீ.; பழையவற்றில் அளவு மாறும். அதனால் சைக்கிளைக் கடை வாசலுக்கே கொண்டுபோய், நட்டில் மாட்டிப் பார்த்த பிறகு பணம் கொடுங்கள்.

இன்னொன்று. சிறு ஓட்டைக்குச் சக்கரத்தைக் கழற்றவே தேவையில்லை. சாலையோரப் பஞ்சர் கடைக்காரரைக் கவனியுங்கள். டயரின் ஒரு விளிம்பை மட்டும் லீவரால் நெம்பி எடுத்து, டியூபை வெளியே இழுத்து ஒட்டிவிடுகிறார். இரண்டு லீவர், ஒட்டு, சொல்யூஷன், உப்புத்தாள், ஒரு பம்பு இருந்தால் நீங்களும் செய்யலாம். சொல்யூஷனைத் தடவிய உடனே ஒட்டை வைக்காதீர்கள். ஈரப் பளபளப்பு போய் மங்கும்வரை, ஐந்து நிமிடமாவது பொறுங்கள். வீட்டில் ஒட்டிய ஒட்டுகள் பிய்ந்து வருவதற்குப் பெரும்பாலும் இந்த அவசரம்தான் காரணம்.

பணத்தை விடாதீர்கள். விளம்பரத்தில் சொன்ன தன்மை பொருளில் இல்லையென்றால் விற்பனையாளர் அதைத் திரும்பப் பெற மறுக்கக் கூடாது என்று 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள் சொல்கின்றன. அந்த இணையதளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். 48 மணி நேரத்துக்குள் அவர் புகாரைப் பெற்றுக்கொண்டதை உறுதி செய்ய வேண்டும். ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். ‘எல்லா சைக்கிளுக்கும்’ என்ற வரி தெரியும்படி விளம்பரப் பக்கத்தை இன்றே படமெடுத்து வையுங்கள். நாளை அந்த வரி அங்கே இருக்காது.

கேள்வி: அவசரத்துக்கு வைத்திருந்த டியூபை மாற்றப் போனால் வால்வு ரிம் துளையில் நுழையவில்லை. ‘28 இஞ்ச்’ என்று தெளிவாகச் சொல்லித்தான் வாங்கினேன். கடைக்காரர் திரும்ப எடுக்க மறுக்கிறார். – சென்னை வாசகர்

பதில்: மறுப்பதில் தவறில்லை. டியூபில் குறை இல்லையே.

உங்கள் டயரின் பக்கவாட்டில் 37-622 என்பதுபோல இரண்டு எண்கள் இருக்கும். முதல் எண் டயரின் அகலம். இரண்டாவது, டயர் ரிம்மில் உட்காரும் இடத்தின் விட்டம், மில்லிமீட்டரில். 622 டயரையும் 28 என்கிறார்கள். கருப்பு சைக்கிளின் 635 டயரையும் 28 என்கிறார்கள். 26 இஞ்ச் என்றாலும் இதே குழப்பம்தான்: 559 ஒன்று, 590 ஒன்று. இஞ்ச் கணக்கு சொல்லி வாங்குவதை நிறுத்துங்கள்.

வால்விலும் வகை உண்டு. கார் வால்வு போன்ற தடித்ததற்கு 8 மி.மீ.க்குச் சற்று மேலான துளை வேண்டும். மெல்லிய பிரெஸ்டா வால்வுக்கு 6 மி.மீ.யும் கொஞ்சமும். உங்கள் ரிம் மெல்லிய வால்வுக்கானது. துளையிடும் எந்திரத்தால் அதைப் பெரிதாக்கச் சொல்லி யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். குறுகிய ரிம் பலமிழந்துவிடும். உதிரி டியூபை வாங்கிய அன்றே வீட்டில் ஒருமுறை மாட்டிப் பார்த்திருந்தால் இந்தக் கடிதமே தேவைப்பட்டிருக்காது.

கேள்வி: பள்ளிக்கு சைக்கிளில் போகும் மகளுக்காகக் கைப்பம்பு ஒன்று 600 ரூபாய்க்கு வாங்கினேன். நான்காம் நாள் குழாய் பிளந்துவிட்டது. பில்லில் ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது’ என்று அச்சடித்திருக்கிறது, அதைக் காட்டி விரட்டுகிறார்கள். அவ்வளவுதானா? – திருநெல்வேலி வாசகி

பதில்: இல்லை. அந்த வரியை நம்பித்தான் ஆயிரக்கணக்கானவர்கள் பேசாமல் திரும்பிப் போகிறார்கள். நீங்கள் போக வேண்டாம்.

குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற மறுப்பதும் பணத்தைத் தராமல் இருப்பதும் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019இன்படி முறையற்ற வணிக நடைமுறை. பில்லில் கால வரம்பு எதுவும் குறிப்பிடாவிட்டால் 30 நாட்கள் என்று சட்டமே வைத்திருக்கிறது. நீங்கள் நான்காம் நாளே போயிருக்கிறீர்கள். கடைக்காரர் அச்சடித்த வரி சட்டத்தை மாற்றிவிடாது.

இப்போது செய்ய வேண்டியது: உடைந்த பம்பையும் பில்லையும் படமெடுங்கள். பணம் கேட்டு ஒரு கடிதம் ஸ்பீடு போஸ்டில் அனுப்புங்கள். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதியுங்கள். அசையவில்லையென்றால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். கொடுத்த விலை ஐந்து லட்சம் ரூபாய் வரை என்றால் அங்கே கட்டணம் கிடையாது. வக்கீல் வைக்க வேண்டிய கட்டாயமும் இல்லை, நீங்களே பேசலாம். பம்பு வந்த அட்டைப் பெட்டியைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். தயாரித்தவர் அல்லது இறக்குமதி செய்தவரின் பெயரும் முகவரியும் அதில் அச்சாகியிருக்க வேண்டும். இல்லையென்றால் அது தனிக் குற்றம், அதையும் புகாரில் சேருங்கள்.

600 ரூபாய்க்காக இவ்வளவா என்று வீட்டில் யாராவது கேட்பார்கள். ஆம், இவ்வளவுதான், செய்யுங்கள்.

கேள்வி: பம்புக்குப் பதில் கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர் வாங்கலாமா? – கோவை வாசகர்

பதில்: பந்தயத்தில் ஓடுகிறீர்கள் என்றால் வாங்குங்கள். மற்றவர்களுக்கு வேண்டாம். 16 கிராம் சிலிண்டர் ஒரு டயருக்கு ஒரே ஒரு முறை. அந்த வாயு டியூப் ரப்பரின் வழியே சீக்கிரம் கசிந்துவிடும். மறுநாள் எப்படியும் பம்பைத் தேட வேண்டும்.

கேள்வி: கருவிகளை முதுகுப் பையில் வைப்பதா, சீட்டுக்கு அடியில் தொங்கும் பையிலா? – புதுச்சேரி வாசகர்

பதில்: சீட்டுக்கு அடியில். விழுந்தால் ஸ்பேனர் உங்கள் முதுகெலும்பில் குத்தக்கூடாது. பை வாங்கும்போது துணியின் பளபளப்பைப் பார்க்காமல் தையலையும் பட்டையையும் இழுத்துப் பாருங்கள். நான் வாங்கிய மலிவான பை ஒன்றில், ஒட்டும் பட்டை மழைச் சேற்றில் பிடியிழந்து பை தொடையில் உரசிக்கொண்டே வந்தது. கொக்கியுள்ள பட்டையே மேலானது. சைக்கிளை நிறுத்தும் இடத்தில் பையைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள்.

உதிரி டியூபைக் கருவிகளோடு சேர்த்துத் திணிப்பதுதான் பெரிய தவறு. சாலை அதிர்வில் ஸ்பேனர் முனை உரசி உரசி, தேவைப்படும் நாளில் அந்த டியூபிலும் ஓட்டை இருக்கும். தடித்த துணியிலோ பழைய காலுறையிலோ டியூபைத் தனியாகச் சுற்றுங்கள்.

கேள்வி: இரண்டு வருடத்துக்கு முன் வாங்கிய பஞ்சர் கிட். ஒரே ஒருமுறைதான் திறந்தேன். சொல்யூஷன் காய்ந்து கல்லாகிவிட்டது. யார் மீது புகார் கொடுப்பது? – சேலம் வாசகர்

பதில்: யார் மீதும் இல்லை. ஒருமுறை திறந்தால் அது காயத்தான் செய்யும். புதுசு வாங்குங்கள்.

கேள்வி: மழைக்காலத்தில் ஸ்பேனர் துருப்பிடிக்கிறது. எண்ணெய்த் துணியில் சுற்றி வைக்கலாமா? – நாகர்கோவில் வாசகர்

பதில்: தாராளமாக. ஆனால் அந்தத் துணி டியூபிலோ ஒட்டுகளிலோ படாமல் பிளாஸ்டிக் உறைக்குள் இருக்கட்டும். எண்ணெய் பட்டால் ரப்பர் கெடும்; அதன் மேல் ஒட்டும் பிடிக்காது.