இலைக்கருகல் கிருமி நெல்லுக்குள் எதை அனுப்புகிறது? கேள்வி பதில்

சம்பாவில் பாக்டீரியா இலைக்கருகல் தலைகாட்டியிருக்கிறது. தாவர நோயியல் துறையில் இருந்தவன் என்பதால் என்னிடம் வந்த கேள்விகளுக்கு விடை தருகிறேன்.

ஒரத்தநாட்டிலிருந்து: ஆந்திரா பொன்னியில் இலையோரம் மஞ்சளாகிக் கருகுகிறது. சத்துக் குறைவுதானே, யூரியா போடலாமா?

முதலில் யூரியா மூட்டையைக் கட்டி வையுங்கள். கருகலும் பச்சையும் சேரும் இடத்தில் இலையை வெட்டி, கண்ணாடி டம்ளரில் தெளிந்த நீர் ஊற்றி அதில் நிறுத்துங்கள். சற்று நேரத்தில் வெட்டுவாயிலிருந்து பால்போலக் கசிந்தால் பாக்டீரியாதான். யூரியா தரும் தழைச்சத்து மிகுந்த வயலில் அதற்குக் கொண்டாட்டம்.

மன்னார்குடி மாணவி: இந்தக் கிருமி நெல்லின் செல்லுக்குள் நுழைவதே இல்லையாமே. பிறகு எப்படித் தாக்குகிறது?

நல்ல கேள்வி அம்மா. இலையோர நீர்த்துளைகள், காயங்கள் வழியாக வந்து நீர்க்குழாய்களில் அது குடியேறும். உயிருள்ள செல்லுக்குள் தான் போகாமல் புரதங்களை மட்டும் அனுப்பும். அதற்கான கருவி மூன்றாம் வகைச் சுரப்பு அமைப்பு: கிருமியின் உடலிலிருந்து நீளும் நுண்குழல். உட்துளை இரண்டு மூன்று நானோமீட்டர்தான். மடிந்த புரதம் அதில் நுழையாது; மடிப்பைப் பிரித்து இழையாக்கித்தான் செலுத்த வேண்டும். சால்மோனெல்லாவிடமும் இதே வகைக் கருவி உண்டு. ஆனால் தாவரத்தில் தடித்த செல்சுவரைக் கடக்க வேண்டுமே, அதனால் இங்கே குழல் மிக நீளம்.

உள்ளே போன புரதங்களில் டால் வகை நேராக உட்கருவுக்குப் போய் நெல்லின் டி.என்.ஏ.வைப் பற்றிக்கொள்ளும். அதில் ஏறக்குறைய 34 அமினோ அமிலம் கொண்ட துண்டுகள் திரும்பத் திரும்ப வரும். ஒவ்வொரு துண்டும் டி.என்.ஏ.வின் ஓர் எழுத்தைப் படிக்கும். அந்தக் குறியீடு 2009இல் பிடிபட்டது. படித்து எதை முடுக்குகிறது தெரியுமா? சர்க்கரையை வெளியேற்றும் ஸ்வீட் மரபணுக்களை! ஊரார் மடையைத் திறந்து தன் வயலுக்கு நீர் பாய்ச்சுகிறவனின் வேலை. நெல்லே சர்க்கரையை வெளியே விட, கிருமி பெருகுகிறது.

திருவையாற்றிலிருந்து: தாங்கும் ரகம் உண்டா?

ஆந்திரா பொன்னி என்று நாம் சொல்லும் சம்பா மசூரியிலேயே மூன்று எதிர்ப்பு மரபணுக்களைச் சேர்த்து, ஹைதராபாத் விஞ்ஞானிகள் மேம்படுத்தப்பட்ட சம்பா மசூரியை உருவாக்கினார்கள். அந்த மூன்றில் எக்ஸ்ஏ 13 என்பது ஒரு ஸ்வீட் மரபணுவின் மாறிய வடிவம்; அதில் டால் புரதம் பற்றும் இடமே மாறியிருக்கும். எக்ஸ்ஏ 5, மரபணுவை முடுக்க டால் புரதத்துக்குத் தேவையான நெல்லின் துணைப் புரதத்தின் மாறிய வடிவம்; அதோடு டால் சரியாகச் சேர முடியாது. எக்ஸ்ஏ 21 செல்லின் மேற்பரப்பில் நின்று கிருமியை அடையாளம் காணும். மூன்று எதற்கு என்றால், சில கிருமி இனங்கள் வேறொரு ஸ்வீட் மரபணுவை முடுக்கி எக்ஸ்ஏ 13ஐ ஏமாற்றிவிடும்.

வலங்கைமானிலிருந்து: நாற்று நுனியைக் கிள்ளி நடலாமா?

கூடாது. நீங்களே காயம் உண்டாக்கிக் கிருமிக்கு வழிவிடுகிறீர்கள்.

கும்பகோணத்திலிருந்து: குலைநோய்க்கு வாங்கிய மருந்து மீதி இருக்கிறது. அதையே அடிக்கலாமா?

அது பூசண நோய். அந்தப் பூசணமும் நெல்லுக்குள் புரதங்களை அனுப்புகிறது என்றாலும், இந்தக் குழல் அதனிடம் இல்லை. இலையை அழுத்தத்தால் துளைத்து உள்ளே புகுந்துவிடும். அதைக் கொல்லும் மருந்துக்குப் பாக்டீரியா அசையாது. மீதியைப் பத்திரமாக மூடி வையுங்கள்.