என் பைக்கின் முன் பிரேக் லீவர் மெத்தென்று அமுங்குகிறது. பிரேக் எண்ணெயிலிருந்து இரண்டு முறை காற்று எடுத்தும் சரியாகவில்லை. மாஸ்டர் சிலிண்டரை மாற்றிவிடலாமா?

இப்போதைக்கு மாற்றாதீர்கள். மாஸ்டர் சிலிண்டர் என்பது லீவரை அமுக்கும்போது எண்ணெயைக் குழாய்க்குள் தள்ளும் உறுப்பு. இதே கேள்விக்கு எனக்கு ஒருவர் "மாற்றிவிடுங்கள்" என்று பதில் சொன்னார். நானும் நம்பி மாற்றினேன். பிரேக் முன்பிருந்ததைவிட மோசமானது. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முன் டிஸ்க்கின் எண்ணெய்க் குழாயை மாற்றியதிலிருந்தே லீவர் இப்படி இருக்கிறது என்றும், நான்கைந்து முறை வேகமாக அமுக்கினால் இறுகிக்கொள்கிறது என்றும், சிறிது நேரம் விட்டால் பழையபடி ஆகிவிடுகிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள். பாதி விடை அதிலேயே இருக்கிறது. அடுத்தடுத்து அமுக்கும்போது லீவர் மேலேறி இறுகினால், குழாய்க்குள் எங்கோ காற்று இருக்கிறது, அல்லது டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கும் பேடுகள் அதைவிட்டு அதிகமாக விலகி நிற்கின்றன. இதற்கு மாறாக, லீவரை ஒரே அழுத்தத்தில் ஒரு நிமிடம் பிடித்திருக்கும்போது அது மெல்ல மெல்லக் கைப்பிடியை நோக்கி இறங்கினால், எண்ணெய் எங்கோ வழிவிட்டுப் போகிறது. வெளியே எங்கும் ஈரம் இல்லாமல் இறங்குகிறது என்றால்தான் மாஸ்டர் சிலிண்டருக்குள் இருக்கும் ரப்பரைச் சந்தேகிக்க வேண்டும். இந்த இரண்டாவது சோதனையை நீங்கள் செய்ததாகத் தெரியவில்லை. பணம் செலவழிக்கும் முன் அதைச் செய்து பாருங்கள்.

எனக்கு நடந்ததும் குழாய் மாற்றிய பிறகுதான். நான்கு மாலைப்பொழுதுகள், பேடுகளைத் தாங்கியிருக்கும் கேலிப்பரின் நிப்பிள் (காற்றை வெளியேற்றும் சிறு திருகு) வழியாகவே காற்று எடுத்தேன். லீவரை அமுக்கு, நிப்பிளைத் திற, மூடு, அதன் பிறகே லீவரை விடு என்ற வரிசையை ஒருமுறைகூடத் தவறவிடவில்லை. இறுதியில் குமிழியே இல்லாத தெளிந்த எண்ணெய்தான் வந்தது. ஆனாலும் லீவர் கைப்பிடியைத் தொடும் அளவுக்கு உள்ளே போனது. பட்டறை ஒன்றில் காட்டினேன். அங்கிருந்தவர் ஒரே ஒருமுறை அமுக்கிப் பார்த்துவிட்டு மாஸ்டர் சிலிண்டர் போய்விட்டது என்றார். புதியது பொருத்தினேன். புதிய சிலிண்டர் உள்ளே வறண்டிருக்கும், அதாவது முழுவதும் காற்று நிறைந்திருக்கும். முன்பு இருந்த காற்றோடு இதுவும் சேர்ந்துகொண்டது.

கோளாறு இருந்த இடம், மாஸ்டர் சிலிண்டரில் குழாய் வந்து சேரும் பேஞ்சோ போல்ட், அதாவது எண்ணெய் செல்ல உள்ளே துளையுள்ள போல்ட். அநேகமாக மொத்தப் பாதையிலும் உயரமான மூலை அதுதான். காற்று மேலே ஏறும் இயல்புடையது. லீவரை ஒருமுறை அமுக்கினால் நகரும் எண்ணெயோ ஓரிரண்டு மில்லிலிட்டர்தான். அந்தச் சிறு நகர்வு குமிழியைச் சற்றே கீழே தள்ளுகிறது. நீங்கள் நிப்பிளை மூடி அடுத்த முறைக்குத் தயாராவதற்குள் அது மறுபடி மேலேறிவிடுகிறது. கீழே எத்தனை புட்டி எண்ணெய் ஊற்றி எடுத்தாலும் மேலே இருப்பது அசையாது. போல்ட்டைச் சுற்றித் துணி கட்டி, லீவரை அமுக்கிப் பிடித்தபடி போல்ட்டைக் கால் சுற்றுக்கும் குறைவாகத் தளர்த்தி, லீவரை விடுவதற்கு முன்பே இறுக்கினேன். முதல் முறை நுரையாக வந்தது. மூன்றாவது முறை வெறும் எண்ணெய் வந்தது. லீவர் இறுகிவிட்டது. நான்கு மாலைகளில் ஆகாத வேலை பத்து நிமிடத்தில் முடிந்தது.

பிரேக்கில் பழக்கமில்லாதவர் கை வைக்கலாமா என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்விதான்; ஐயம் இருந்தால் தெரிந்தவரை அருகில் வைத்துக்கொண்டு செய்யுங்கள். ஆனால் லீவர் எப்படி அமுங்குகிறது என்று கவனிப்பதற்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை. வண்டி ஓட்டுகிற ஒவ்வொருவரும் அதை அறிந்திருக்க வேண்டும் என்றே நான் கருதுகிறேன். இரவு முழுவதும் லீவரை இழுத்துக் கட்டி வைத்தாலே போதும் என்று வேறு சிலர் சொல்வார்கள். நானும் கட்டியிருக்கிறேன், ஓரளவு பயன் இருந்தது. ஆனால் காலையில் கட்டை அவிழ்த்ததும், குழாயின் வாய், மாஸ்டர் சிலிண்டரோடு இருக்கும் எண்ணெய்க் கிண்ணத்தைவிடத் தாழ்ந்திருக்கும்படி ஹேண்டில்பாரைத் திருப்பி வைத்து, லீவரின் நுனியை மட்டும் மெல்லத் தட்டித் தட்டிக் குமிழிகளைக் கிண்ணத்துக்குள் வரவிட வேண்டும். அதைச் செய்யாவிட்டால் கட்டியதன் பயன் முழுமையாகக் கிடைக்காது.

நீண்ட இறக்கத்தில் மட்டும் லீவர் மெத்தென்று ஆகி, வண்டி ஆறியதும் சரியாகிவிடுகிறது என்றால் அது வேறு கதை. பிரேக் எண்ணெய் ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 வகை எண்ணெய் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 பாகை செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது என்பது விதி, 3.7 விழுக்காடு நீர் சேர்ந்துவிட்டால் அந்த வரம்பு 155 பாகைக்கு இறங்கிவிடுகிறது. சூட்டில் அந்த நீர் ஆவியாகிறது. ஆவி அமுங்கும், எண்ணெய் அமுங்காது. பெரும்பாலான கையேடுகள் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை எண்ணெயை மாற்றச் சொல்வது இதனால்தான். சிலிக்கோனால் ஆன டாட் 5 எண்ணெயை இதனோடு ஒருபோதும் கலக்காதீர்கள்.

இதை ஒட்டி ஒரு மனக்குறையையும் சொல்ல வேண்டும். சர்வீஸுக்கு விடும்போதெல்லாம், கேட்காமலேயே கிண்ணத்தில் எண்ணெயை விளிம்புவரை நிரப்பித் தருகிறார்கள். பேட் தேயத் தேய, அதைத் தள்ளும் கேலிப்பர் பிஸ்டன்கள் முன்னே நகர்கின்றன, அந்த இடத்தை நிரப்ப எண்ணெய் இறங்குகிறது. தேய்மானத்தை நமக்குக் காட்டும் அடையாளமே அதுதான். அதை நிரப்பி மறைத்துவிட்டால், புதுப் பேட் போடும் நாளில் பிஸ்டன்களை உள்ளே தள்ளும்போது எண்ணெய் பொங்கி வழியும். என் வண்டியின் டேங்க்கில் பெயின்ட் உரிந்தது அப்படித்தான்.

உங்கள் வண்டிக்கு வருவோம். முதலில் மேல் போல்ட்டில் காற்று எடுங்கள். குழாய் மாற்றியபோது பழைய செப்பு வாஷர்களையே போட்டிருந்தால் இப்போது புதியவற்றைப் போடுங்கள். கேலிப்பரின் நிப்பிள் மேல்நோக்கி இருக்கிறதா, கேலிப்பர் தன் ஊசிகளின்மேல் தடையின்றி நகர்கிறதா என்றும் பாருங்கள். பிறகு ஆளில்லாத இடத்தில் நடை வேகத்தில் ஓட்டிச் சோதியுங்கள். இத்தனைக்குப் பிறகும், பிடித்திருக்கும் லீவர் மெல்ல இறங்கினால் மட்டும் மாஸ்டர் சிலிண்டரைக் கழற்றுங்கள். அப்போதும், உள்சுவரில் கீறலோ அரிப்போ இல்லையென்றால், பிஸ்டனும் ரப்பர்களும் அடங்கிய கிட் மட்டும் போதும்.