வீட்டில் தினமும் ‘வரலாற்றில் இன்று’ சொல்கிறேன், பிள்ளைகள் கவனிப்பதே இல்லை. விட்டுவிடலாமா?

விடாதீர்கள். ‘தினமும்’ என்பதை மட்டும் விட்டுவிடுங்கள்.

உங்கள் வீட்டில் என்ன நடக்கும் என்று ஓரளவு ஊகிக்க முடிகிறது. காலையில் பள்ளிக்குக் கிளப்புகிற அவசரத்தில் வாட்ஸ்அப்பில் வந்த பட்டியலை வாசிப்பீர்கள். இன்னார் பிறந்தார், இன்னார் மறைந்தார், இன்ன நாடு விடுதலை பெற்றது. பிள்ளை ஒற்றைக் கால் சாக்ஸோடு இன்னொன்றைத் தேடிக்கொண்டிருக்கும். அந்த நேரத்தில் நெப்போலியனே நேரில் வந்து சொன்னாலும் காதில் ஏறாது.

நான் இரவு சாப்பிடும் நேரத்தில்தான் சொல்வேன். அதுவும் உருப்படியாக ஒன்று கிடைத்தால் மட்டும். பிள்ளை தன் வயதையோ உடம்பையோ வைத்து அளந்து பார்க்க முடிகிற சங்கதியாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். இல்லாத நாளில் வாயைத் திறப்பதில்லை.

உதாரணத்துக்கு டிசம்பர் 17. 1903இல் ரைட் சகோதரர்களின் முதல் பறப்பு 12 விநாடி, சுமார் 37 மீட்டர். சும்மா சொன்னால் ‘ஓ’ என்பார்கள். நான் 37 மீட்டரைத் தெருவில் அடியெடுத்து அளந்து, கைபேசியில் நேரம் வைத்து ஓடவிட்டேன். மகள் 12 விநாடி ஆவதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டாள். “அப்போ நான் பிளேனை விட ஃபாஸ்ட்!” அன்றைக்கு வீட்டில் அவள் பெருமை தாங்கவில்லை. அன்று எதிர்க்காற்று பலமாக இருந்தது, அதனால்தான் விமானம் மெதுவாக நகர்ந்தது என்று சொல்லிப் பார்த்தேன், எடுபடவில்லை. அதே நாளில் நான்காவது முறை 59 விநாடியில் 260 மீட்டர் போனார்கள் என்றதும்தான் அடங்கினாள்.

எங்கள் வீட்டில் பெரிதாகப் போனது மே 14. 1796இல் எட்வர்ட் ஜென்னர் என்ற இங்கிலாந்து மருத்துவர், பெரியம்மை வராமல் தடுக்குமா என்று பார்க்க, பால் கறக்கும் பெண் ஒருத்தியின் கையிலிருந்த மாட்டம்மைக் கொப்புளத்து நீரை எடுத்து, ஜேம்ஸ் ஃபிப்ஸ் என்ற பையனின் கையைக் கீறி ஏற்றினார். பையனுக்கு வயது 8. என் மகளுக்கும் அப்போது அதே வயது. ஜூலையில் அவனுக்கு நிஜப் பெரியம்மையையே ஏற்றிப் பார்த்தார், நோய் வரவில்லை என்று சொல்லி முடிக்கும்முன் அவள் தட்டிலிருந்து கையை எடுத்துவிட்டாள். “அவன்கிட்ட கேட்டாங்களா?”

ஜென்னரின் தோட்டக்காரர் மகன் அவன் என்றேன். அது பதில் இல்லை என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. 1980 மே மாதம் பெரியம்மை உலகத்திலேயே ஒழிந்துவிட்டதாக உலக சுகாதார அமைப்பு அறிவித்ததையும் சொன்னேன். “அதுக்காக?” என்றாள் அவள். “அப்போ நல்லதுதானே” என்றான் சின்னவன். அப்புறம் இருவரும் கட்சி கட்டிச் சண்டை. நான் தலையிடவில்லை.

சின்னக் குழந்தைகளிடம் இதையெல்லாம் பேசலாமா என்று யாராவது பின்னூட்டத்தில் வருவீர்கள், தெரியும். ஆகஸ்ட் 6 அன்று ஹிரோஷிமாவை நானும் பேசுவதில்லை, அதற்கு இன்னும் வயது வரட்டும். ஆனால் நவம்பர் 3 லைக்காவைச் சொன்னேன். 1957இல் விண்வெளிக்குப் போன நாய் திரும்பி வந்ததா என்று சின்னவன் கேட்டான். திரும்பக் கொண்டுவர ஏற்பாடே செய்யவில்லை என்றேன். அழுதான். அழட்டுமே, அந்த நாய்க்காக அழுவதில் என்ன கெட்டுப்போய்விட்டது?

பொது அறிவுப் போட்டிக்குப் பழக்குகிறேன் என்றும் நினைக்க வேண்டாம். போட்டியில் இது உபத்திரவம்தான். பள்ளி வினாடி வினாவில் நியூட்டன் பிறந்தது 1643 ஜனவரி 4 என்று மகள் எழுத, தப்பு என்று போட்டுவிட்டார்கள். 1642 டிசம்பர் 25 மட்டும்தான் சரியாம். இரண்டுமே சரி. இங்கிலாந்து அப்போது பழைய ஜூலியன் நாட்காட்டியில் இருந்தது, நாம் இன்று பயன்படுத்தும் நாட்காட்டியை விடப் பத்து நாள் பின்தங்கி. 1752இல்தான் மாறினார்கள், அதற்குள் இடைவெளி பதினொரு நாளாகிவிட்டது. செப்டம்பர் 2க்கு மறுநாள் செப்டம்பர் 14! “நடுவுல பர்த்டே வர்றவங்க?” என்று சின்னவன் பதறினான். இப்படி ஒரு கேள்வி வருமென்றால் மதிப்பெண் போனால் போகட்டும்.

உங்களுக்கென்ன, வீட்டிலிருந்து வேலை, நேரம் இருக்கிறது என்று சொல்வார்கள் பாருங்கள், அங்கேதான் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வீட்டில் இருந்தால் சும்மா இருக்கிறான் என்று அர்த்தமா? அக்கம்பக்கத்தில் யாருக்குக் கூரியர் வந்தாலும் என் கதவைத்தான் தட்டுகிறார்கள். மீட்டிங்கில் இருக்கும்போது உறவினர் போன் செய்து, “சும்மாதானே இருக்கே, ஒரு ஃபார்ம் ஃபில் பண்ணிக் கொடு” என்கிறார். ஆபீஸில் இருப்பவனிடம் இப்படிக் கேட்பார்களா?

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். அந்த வாட்ஸ்அப் பட்டியலை அப்படியே நம்ப வேண்டாம், தேதியை வேறு ஓரிடத்தில் சரிபார்த்துவிட்டுச் சொல்லுங்கள். சாப்பாட்டு நேரம் ஒத்துவரவில்லை என்றால் வேறு நேரம் பாருங்கள். தூங்கப்போகும் நேரம் மட்டும் வேண்டாம். விளக்கை அணைக்க விடாமல் கேள்வி கேட்டே மணி பதினொன்று ஆக்கிவிடுவார்கள்.