யார் கைவிட்டது?

கேள்வி: பழைய கார்களை நினைத்தாலே ஏக்கமாக இருக்கிறது. உலகெங்கும் கொட்டகைகளிலும் புதர்களிலும் கைவிடப்பட்ட கார் சேகரிப்புகள் துருப்பிடித்துக் கிடக்கின்றனவே! அவற்றை மீட்டுப் புத்தம்புதிதாக்கிக் காட்சிக்கு வைத்தால் என்ன?

பதில்: 'கைவிடப்பட்ட' என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தச் சொல்லிலேயே நின்றுவிட்டேன். இந்த 'பட்ட'வோடு எனக்கு நெடுநாள் பகை என்பது இந்தப் பக்கத்தைப் படிப்பவர்களுக்குத் தெரியும். 'முடிவு எடுக்கப்பட்டது', 'கோப்பு தொலைக்கப்பட்டது' என்று கட்டுரை வந்தால், எடுத்தது யார், தொலைத்தது யார் என்று ஓரத்தில் எழுதித் திருப்பி அனுப்பிவிடுவேன். செய்தவரை வாக்கியத்திலிருந்து சத்தமில்லாமல் நழுவவிடுகிற சொல் அது. உங்களையும் கேட்கிறேன்: அந்தக் கார்களை யார் கைவிட்டார்கள்?

பிரான்ஸின் மேற்கே லாரித் தொழில் நடத்திய ரோஜே பையோனை எடுத்துக்கொள்ளுங்கள். 1950-களிலிருந்து, இரண்டாம் உலகப் போருக்கு முந்தையவை உட்பட, அருமையான கார்களைத் தேடித்தேடிச் சேர்த்தார். ஓர் அருங்காட்சியகம் அமைக்க வேண்டும் என்பது அவர் கனவு. 1970-களில் தொழில் நொடித்தது. ஒரு பகுதியை விற்றார். மீதியைத் தகரக் கூரைகளுக்குக் கீழே நிறுத்தினார். அவரும் அவர் மகனும் காலமான பின், 2014-இல் பேரப்பிள்ளைகள் அழைத்து ஏல நிறுவனத்தார் போய்ப் பார்த்தபோது 60 கார்கள் நின்றன. சிலவற்றைக் கொடி முழுக்க மூடியிருந்தது. ஒரு மூலையில் 1961-ஆம் ஆண்டு ஃபெராரி 250 ஜிடி கலிஃபோர்னியா ஸ்பைடர். அதன்மேல் பழைய பத்திரிகைகளைக் கட்டுக்கட்டாக அடுக்கி வைத்திருந்தார்கள். மறு ஆண்டு பாரிஸ் ஏலத்தில் அது ஒன்றே 1.6 கோடி யூரோவைத் தாண்டியது. விலை கிடக்கட்டும். கையில் காசு தீர்ந்த பிறகும் கூரை போட்டு நிறுத்திய மனிதரைக் 'கைவிட்டவர்' என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் பியர்ஸ் என்ற சிற்றூர். அங்கே ரே லாம்பிரெக்ட் 50 ஆண்டுகள் ஷெவர்லே கார்கள் விற்றார். விற்காமல் தங்கிய புது வண்டிகளையும், புதுசு வாங்கியவர்கள் கொடுத்துவிட்டுப் போன பழசுகளையும் தன்னிடமே வைத்துக்கொண்டார். 2013-இல் ஏலம் விட்டபோது ஏறத்தாழ 500 வண்டிகள். அதில் ஒரு 1958 பிக்கப்பில், ஓடிய தூரத்தைச் சொல்லும் ஓடோமீட்டர் காட்டியது 1.3 மைல். இவரும் கைவிடவில்லை. விற்கத்தான் மனம் வரவில்லை.

கைவிட்டவர்கள் யார் என்று ஐயமில்லாமல் சொல்ல முடிந்த இடம் ஒன்று உண்டு. பிரான்ஸின் முலூஸ் நகரில் நூற்பாலைகள் வைத்திருந்த ஷ்லும்ப் சகோதரர்கள் ரகசியமாக 400-க்கும் மேற்பட்ட கார்களைக் குவித்தார்கள். அதில் நூற்றுக்கு மேல் புகாட்டி என்ற பிரெஞ்சு நிறுவனத்தின் கார்கள். ஆலைகள் முடங்கின, சகோதரர்கள் சுவிட்சர்லாந்துக்குப் போனார்கள். 1977-இல் தொழிலாளர்கள் உள்ளே புகுந்து பார்த்தபோதுதான் அந்தக் குவியல் வெளியே தெரிந்தது. அண்ணன் தம்பி கைவிட்டது ஆட்களை. அந்த ஆட்கள் கார்களைக் கைவிடவில்லை: இரண்டு ஆண்டுகள் காவலிருந்து, கதவைத் திறந்து ஊராருக்குக் காட்டினார்கள். இன்று அது பிரான்ஸின் தேசிய மோட்டார் அருங்காட்சியகம்.

'கைவிடு' என்ற சொல்லில் 'கை' இருக்கிறதே, அதையும் விட மனமில்லை. பழைய காரில் எல்லாமே கைதான். என் மாமா எனக்கு ஸ்டார்ட்டிங் ஹேண்டில் (காரின் முன்னால் செருகிச் சுழற்றி எஞ்சினைக் கிளப்பும் கம்பி) போடக் கற்றுக்கொடுத்த நாளில், முதலில் என் கட்டைவிரலைப் பிடித்து இழுத்து மற்ற நான்கு விரல்களோடு ஒரே பக்கமாக வைத்தார். "சுத்திப் பிடிச்சா எஞ்சின் திருப்பி உதைக்கும்போது விரல் போயிடும்டா." கீழிருந்து மேலே ஒரே இழுப்பு. பிறகு, குளிர்ந்த எஞ்சினுக்குப் பெட்ரோலைக் கூட்டித் தரும் சோக் குமிழ்: காலைக் குளிரில் முழுக்க வெளியே, எஞ்சின் சூடேற ஏறக் காதால் கேட்டுக் கேட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே. திரும்புவதற்கு ஜன்னலுக்கு வெளியே நீட்டிய கை. நெடுநாள் ஓட்டியவரின் ஸ்டீயரிங்கில் அந்தக் கை தேய்த்த இடம் மட்டும் வழவழவென்று கறுத்திருக்கும்.

அதனால்தான் உங்கள் 'புத்தம்புதிதாக்கி'யை ஏற்க முடியவில்லை. மணல் பீய்ச்சிச் சுரண்டி, கண்ணாடிபோல் பெயிண்ட் அடித்தால் முதலில் போவது அந்த இடம்தான். முன்பு இதை எழுதியபோது, இந்தத் தொழிலில் இருக்கும் ஒருவர் "துருவைக் கும்பிடச் சொல்கிறீரா?" என்று காய்ச்சி எடுத்தார். இல்லை ஐயா. துரு தின்றதை மாற்றுங்கள், தின்னாததைத் தொடாதீர்கள். இன்றும் அதையேதான் சொல்வேன். இத்தாலி, சுவிட்சர்லாந்து எல்லையிலுள்ள மாஜோரே ஏரியின் அடியில் எழுபது ஆண்டுகளுக்கு மேல் கிடந்த 1925 புகாட்டியை 2009-இல் மேலே தூக்கினார்கள். ஏலத்தில் வாங்கிய அமெரிக்கக் கார் சேகரிப்பாளர் பீட்டர் முல்லின், அரித்துப்போன தகட்டோடு அப்படியே தன் அருங்காட்சியகத்தில் வைத்தார். ஒரு டப்பா பெயிண்ட்கூட அதற்கு ஆகவில்லை. அதைப் பார்த்தவருக்கு ஏரி தெரியும்.

உங்கள் கண்ணில் அப்படி ஒரு வண்டி பட்டால், துடைக்காதீர்கள். முதலில் தூசியோடு படம் எடுங்கள். ஆசையில் சாவியைத் திருப்பிவிடாதீர்கள்; டாங்கில் பெட்ரோல் பிசினாகியிருக்கும், எலி ஒயரைக் கடித்திருக்கும், பிஸ்டன் சிலிண்டரோடு ஒட்டியிருக்கும். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு துளையிலும் கொஞ்சம் எண்ணெய் விட்டு ஊறவிடுங்கள். சில நாள் கழித்து, கியரை நியூட்ரலில் போட்டு, எஞ்சினைக் கையால் கால் சுற்று சுற்றிப் பாருங்கள். முரண்டு பிடித்தால் பலம் காட்ட வேண்டாம். இன்னும் கொஞ்சம் எண்ணெய், இன்னும் ஒரு வாரம். அந்த வாரத்தில் அக்கம்பக்கம் விசாரித்து ஒரு தாளில் எழுதி வண்டியோடு வையுங்கள்: யார் வாங்கினார், யார் ஓட்டினார், எதற்காக நிறுத்தினார். 'நிறுத்தப்பட்டது' என்று எழுதாதீர்கள்.