ஆணி அடிக்கலாமா, கூடாதா? பாறையேற்றம் குறித்த வாசகர் கேள்விகள்

கேள்வி: ஏறும்போது கயிற்றை மாட்டிக்கொள்ள உதவி, உயிரைக் காக்கும் போல்ட்டுகளைப் பாறையில் துளையிட்டுப் பொருத்துவதை அனுபவமுள்ளவர்கள் பலர் ஏன் இத்தனை கடுமையாக எதிர்க்கிறார்கள்? ஒரு சிறு துளை மனித உயிரைவிடப் பெரிதா?

பதில்: பெரிதல்ல. எதிர்ப்பவர்களும் அப்படிச் சொல்வதில்லை. விரிசலே இல்லாத வழுவழுப்பான சுண்ணாம்புப் பாறையில் போல்ட்டைத் தவிர வேறு நம்பகமான பாதுகாப்புக் கிடையாது. அங்கே அதைக் குறை கூறுவதில் பொருளில்லை. ஆனால், முன்னால் ஏறுபவர் கையால் செருகி, பின்னால் வருபவர் கையாலேயே கழற்றிக்கொள்ளக்கூடிய உலோகக் கட்டைகள் உறுதியாக நிற்கும் ஒரு விரிசலுக்குப் பக்கத்திலேயே ஒருவர் துளையிடும்போது, தம்முடைய ஒருநாள் வசதிக்காக, இனி வரப்போகும் அனைவருக்கும் உரிய பாறையை அவர் மாற்றிவிடுகிறார் என்பதே எங்கள் வருத்தம்.

அமெரிக்காவின் யோசெமிட்டிப் பள்ளத்தாக்கில் இது கண்கூடாக நடந்தது. ஒவ்வொரு குழுவும் எஃகு ஆணிகளைச் சுத்தியலால் அடித்து இறக்குவதும், கடைசியாக ஏறுபவர் அதே சுத்தியலால் இருபுறமும் தட்டிப் பிடுங்குவதுமாக இருந்ததில், மெல்லிய கருங்கல் விரிசல்கள் விரல் நுழையும் குழிகளாயின. ஆணி விற்பனையையே முதன்மை வருமானமாகக் கொண்டிருந்த இவோன் ஷுனார்ட், தம் கூட்டாளி டாம் ஃப்ராஸ்டுடன் சேர்ந்து, 1972ஆம் ஆண்டு விற்பனைப் பட்டியலிலேயே ஆணிகளைக் கைவிட்டுக் கையால் செருகும் அலுமினியக் கட்டைகளுக்கு மாறும்படி வேண்டினார். தம் பிழைப்புக்கு எதிராகத் தாமே பேசிய அந்த நேர்மையை நான் மிக உயர்வாக மதிக்கிறேன். அந்தக் குழிகள் சிலவற்றில் விரல் நுழைத்துத்தான் இன்று பலரும் ஏறுகிறார்கள் என்பது உண்மையே. அதனால் அந்தச் சேதம் நியாயமாகிவிடாது.

தென் அமெரிக்காவின் படகோனியாவிலுள்ள செர்ரோ டொர்ரே சிகரத்தின் கதை இன்னும் சிக்கலானது. 1970இல் செசாரே மேஸ்த்ரி என்ற இத்தாலிய மலையேற்றக்காரர், துளையிடுவதற்காகப் பெட்ரோலில் இயங்கும் கம்ப்ரசரைக் கயிறு கட்டி மேலே இழுத்துச் சென்று, அதன் தென்கிழக்கு முகட்டில் சுமார் 400 போல்ட்டுகளை அடித்தார். 2012 ஜனவரியில் ஹேடன் கென்னடி, ஜேசன் க்ரூக் என்ற இரு இளைஞர்கள் அவற்றில் பெரும்பாலானவற்றைத் தொடாமலே ஏறிவிட்டு, இறங்கும் வழியில் நூற்றுக்கும் மேற்பட்டவற்றைப் பிடுங்கினார்கள். சில நாட்களிலேயே டேவிட் லாமா என்ற ஆஸ்திரிய இளைஞர், கயிற்றையும் ஆணியையும் பிடித்து ஏறாமல், கைகால்களின் பலத்தை மட்டுமே நம்பி அதே முகட்டில் ஏறிக் காட்டினார். மேஸ்த்ரி செய்தது தவறு என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆயினும், நாற்பது ஆண்டுகளாகப் பலர் ஏறிவந்த ஒரு வழியை, அங்கே ஏறுபவர்களின் சம்மதத்தைப் பெறாமல் அழித்தவர்கள், மேஸ்த்ரி தாமாக எடுத்துக்கொண்ட அதே உரிமையைத்தான் தாங்களும் எடுத்துக்கொண்டார்கள். அடிப்பதற்கு முன்பும் பிடுங்குவதற்கு முன்பும் அந்தப் பாறையில் ஏறும் மற்றவர்களைக் கேட்டாக வேண்டும் என்பதே என் கருத்து.

கேள்வி: நடுவில் இருமுறை கயிற்றில் தொங்கி ஓய்வெடுத்தேன். உச்சியை அடைந்தபின் "ஏறிவிட்டேன்" என்று நண்பர்களிடம் சொன்னது பொய்யாகுமா?

பதில்: உச்சியை அடைந்தீர்கள், அது பொய்யன்று. ஆனால், பாறையேறுபவர்களிடையே அந்தச் சொல்லுக்கு, கீழே விழாமல் காக்க மட்டுமே கயிறு பயன்பட்டது, அது உடலின் எடையைத் தாங்கவில்லை என்ற பொருள் படிந்துவிட்டது. 1975 வாக்கில் ஜெர்மனியின் ஃபிராங்கன்யூரா பகுதியில் கூர்ட் ஆல்பர்ட் என்ற பாறையேறுபவர், அப்படித் தொங்காமல் ஏறி முடித்த வழிகளின் அடியில் சிவப்புப் புள்ளி வைத்தார். "ரெட்பாயிண்ட்" என்ற வழக்கு அங்கிருந்து வந்ததுதான். எங்கள் ஏற்றத்துக்கு நடுவரும் இல்லை, சான்றிதழும் இல்லை. ஒருவர் சொல்வதை மற்றவர் நம்புகிறார். அந்த நம்பிக்கையின் பேரில்தான் வழியின் கடினம் குறிக்கப்படுகிறது, அதைப் பார்த்துத்தான் முன்பின் தெரியாத ஒருவர் தம்மால் முடியுமா என்று தீர்மானித்துக் கிளம்புகிறார். ஆகவே, "இருமுறை தொங்கினேன்" என்று சேர்த்துச் சொல்லிவிடுங்கள். அதில் இழிவு எதுவும் இல்லை.

கேள்வி: மழை விட்டு வெயில் அடித்துவிட்டால் மணற்பாறையில் ஏறலாம் அல்லவா?

பதில்: கூடாது. மேற்பரப்பு காய்ந்திருந்தாலும் உள்ளே ஈரம் தங்கியிருக்கும்; மணல் துகள்களின் பிணைப்பு தளர்ந்து, நீங்கள் பிடித்த பிடி கையோடு பெயர்ந்து வரலாம். பாறையடியில் மண்ணைச் சிறிது தோண்டிப் பாருங்கள். ஈரமாக இருந்தால் திரும்பிவிடுங்கள். ஜெர்மனியின் சாக்சனியில், மென்மையான மணற்பாறையைக் காப்பதற்காகவே, உலோகக் கட்டைகளை விலக்கி, முடிச்சிட்ட கயிற்றுத் துண்டுகளை விரிசலில் செருகி ஏறும் மரபை இன்றும் கட்டிக்காக்கிறார்கள். அங்கே வியர்வையில் கை வழுக்காமலிருக்கச் சாக் பொடி பூசவும் அனுமதியில்லை.

கேள்வி: கயிறில்லாமல் ஏறுபவரே உண்மையான வீரர் என்று என் நண்பர் சொல்கிறார். அவர் பேச்சைக் கேட்டதிலிருந்து கயிற்றோடு ஏறுவதில் எனக்கு மகிழ்ச்சி குறைந்துவிட்டது.

பதில்: 2017 ஜூன் 3 அன்று அலெக்ஸ் ஹானல்ட் என்ற அமெரிக்கர், யோசெமிட்டியிலுள்ள ஏறத்தாழ 900 மீட்டர் உயர எல் கேப்பிட்டன் பாறையைக் கயிறின்றி நான்கு மணி நேரத்துக்குள் ஏறியதை வைத்துப் பலரும் இப்படிப் பேசுகிறார்கள். அதே வழியில் அவர் அதற்குமுன் கயிற்றோடு திரும்பத் திரும்ப ஏறி, கடினமான ஒவ்வோர் அசைவையும் மனப்பாடம் செய்திருந்தார் என்பதை ஏனோ விட்டுவிடுகிறார்கள். அவருடைய தேர்வை நான் மதிக்கிறேன். அதை அடுத்தவருக்கு அளவுகோலாக வைப்பதை ஏற்க மாட்டேன். கயிறு இருப்பதால்தான் உங்கள் திறமையின் எல்லைவரை சென்று, அங்கே தவறி, மீண்டும் முயல முடிகிறது. நெல்லிக்காய் அளவு துருத்தலில் ஷூவின் முனையை வைத்து, இடுப்பைப் பாறையோடு ஒட்டிக் கொண்டுவந்ததும், அதுவரை எட்டாத பிடி சட்டென்று கைக்கு வருகிறதே, அந்த இன்பத்தைக் கயிறு துளியும் குறைப்பதில்லை. தவிரவும், கீழே கயிற்றைப் பிடித்து நிற்பவரின் கவனத்தில் உங்கள் உயிரை ஒப்படைப்பதும், அடுத்த முறை அவருடையதை நீங்கள் ஏற்றுக்கொள்வதும், தனியே ஏறுபவருக்குக் கிடைக்காத உறவு. உங்கள் நண்பர் கயிறின்றி வரச்சொல்லி வற்புறுத்தினால் மறுத்துவிடுங்கள். கிளம்புமுன் ஒருவர் முடிச்சை மற்றவர் சரிபார்க்கும் பழக்கமுள்ள வேறு துணையோடு ஏறுங்கள்.